ஆகஸ்டில் தினமும் வந்த பெரிய பக் (ஆண் மான்), வேட்டை சீசன் திறந்ததும் எங்கே போகிறது?

நண்பர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அமெரிக்காவின் தென்மேற்கு விஸ்கான்சினில் ஒரு விவசாயியிடம் அனுமதி வாங்கி, 60 ஏக்கர் நிலத்தில் வில் வேட்டைக்குப் போகிறார். வடக்குத் தெற்காக நீண்ட குன்று. உச்சியில் சோயா வயல். வயலுக்குக் கிழக்கே காடு சரிந்து ஓடைக்கு இறங்குகிறது. மேற்கே சரிவின் அடியில் சாலை. வடக்கு முனையில் விவசாயியின் வீடு. போன ஆகஸ்ட் முழுக்க ஒரு பெரிய கொம்புள்ள பக் வெளிச்சம் இருக்கும்போதே வயலுக்கு வந்து தானியங்கிக் கேமராவில் விழுந்தது. சீசன் திறந்த சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை, மாலை என நான்கு முறை கிழக்கு ஓரத்துப் பரணில் உட்கார்ந்தார். வாலைக்கூடப் பார்க்கவில்லை. அதன்பிறகு நள்ளிரவுப் படங்கள் மட்டும். அக்டோபரில் அதுவும் நின்றுபோனது. என்ன தவறு செய்தேன், இந்த ஆண்டு சீசனின் முதல் சில நாட்களிலேயே அதைக் கலைக்காமல் வேட்டையாட வழி உண்டா என்று கேட்கிறார்.

வழி உண்டு. ஆனால் முதலில் ஒரு ஆறுதல்: நடந்ததில் பாதி உங்கள் தவறே இல்லை.

விஸ்கான்சினில் வில் சீசன் செப்டம்பர் 15-ஐ ஒட்டிய சனிக்கிழமை திறக்கும். வெள்ளைவால் மானின் வாழ்க்கை தலைகீழாக மாறுவதும் அதே வாரங்களில்தான். பகல் குறையக் குறைய ஆணின் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறுகிறது. கோடை முழுக்கக் கொம்பை மூடியிருந்த வெல்வெட் தோல், ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவுக்குள் உரிந்துவிடுகிறது. உரியத் தொடங்கினால் பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். அதுவரை நான்கைந்து பக்குகள் அண்ணன் தம்பிகள் போல ஒரே வயலில் மேய்ந்திருக்கும். கொம்பு கெட்டியானதும் ஒன்றுக்கொன்று ஆகாது. கூட்டம் உடைகிறது. சில அதே இடத்தில் தங்கும். சில தங்கள் இலையுதிர்கால இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடும், அது அடுத்த பண்ணையாகவும் இருக்கலாம், ஒரு மைல் தள்ளியும் இருக்கலாம். வயதான பக் இந்த வழக்கத்தைப் பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவதில்லை. அதனால் உங்கள் போன வருட செப்டம்பர் படங்கள், அவை நள்ளிரவுப் படங்களாகவே இருந்தாலும், இந்த ஆகஸ்டின் பட்டப்பகல் படங்களைவிட உபயோகமானவை. அந்த மான் உங்கள் நிலத்தைவிட்டுப் போகிற ரகமில்லை என்று அவைதான் சொல்கின்றன.

இரண்டாவது காரணம் சோறு. சோயா இலை பச்சையாக இருக்கும்வரைதான் மானுக்கு அது விருந்து. செப்டம்பரில் இலை மஞ்சளாகத் தொடங்கியதும் அந்த வயல்மேல் ஆசை குறைந்துவிடும். காய் முற்றிக் காய்ந்த பிறகு, குளிர்காலத்தில் மறுபடி வரும். அது வேறு கதை. இடைப்பட்ட காலத்தில் குதிரைமசால் வயலுக்கும், க்ளோவர் என்ற தீவனச் செடிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓக் மரத்தடிக்கும் போய்விடும். அதிலும் வெள்ளை ஓக். அதன் கொட்டை ஒரே பருவத்தில் முற்றி, செப்டம்பரிலேயே விழ ஆரம்பிக்கும், துவர்ப்பும் குறைவு. சிவப்பு ஓக்கின் கொட்டை முற்ற இரண்டு ஆண்டுகள் ஆகும், துவர்ப்பு அதிகம். அதை மான் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கும். ஒரு வெள்ளை ஓக் உதிரத் தொடங்கிவிட்டால், 40 ஏக்கர் வயல் பக்கத்தில் கிடந்தாலும் மான் அந்த மரத்தடியில்தான் நிற்கும். அதாவது ஆகஸ்ட் படத்தை நம்பி வயலோரத்தில் கட்டிய பரண், சீசன் திறந்த அன்றே பாதி காலாவதி.

சரி, மீதிப் பாதி உங்கள் கணக்கு. அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில், எந்த மானைப் பற்றிப் பேசுகிறோம் என்பது முக்கியம். மான் குட்டிகள் பெரும்பாலும் மே கடைசியிலும் ஜூனிலும் பிறக்கின்றன. அதனால்தான் சீசனில் எல்லா வயதோடும் ஒரு அரை ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை. ஒன்றரை வயது பக் விடலைப் பையன் மாதிரி. உங்களைப் பார்த்து மிரண்டு ஓடும், அரை மணி நேரத்தில் மறந்துவிட்டுத் திரும்பி வரும். மூன்றரை, நான்கரை தாண்டியது அப்படியில்லை. அது மூன்று நான்கு வேட்டைக்காலங்களைப் பிழைத்து வந்தது. அது ஓடாது, நீங்கள் பார்க்கும்படி ஓடாது என்று சொல்லவேண்டும். நிற்கும், மோப்பம் பிடிக்கும், வந்த வழியே திரும்பிவிடும். நீங்கள் பரணில் உட்கார்ந்து "இன்றைக்கு ஒன்றும் வரவில்லை" என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது வந்துவிட்டுப் போயிருக்கும்.

தென் கரோலினாவில் பக்குகளின் கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை கட்டி ஆபர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஒரு பரணில் ஆள் உட்கார்ந்து போன பிறகு, அந்த இடத்தைச் சுமார் மூன்று நாட்கள் மான்கள் பகலில் தவிர்த்தன. ஒரு தடவை உட்கார்ந்ததற்கே இந்த விலை. நீங்கள் இரண்டு நாளில் நான்கு முறை உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சீசன் தொடக்கத்தில் நமக்கு இருக்கும் ஒரே பெரிய சொத்து, தன்னை யாரோ தேடுகிறார்கள் என்று அந்த மானுக்கு இன்னும் தெரியாது என்பதுதான். ஜனவரி முதல் அதை யாரும் தொந்தரவு செய்யவில்லை. செப்டம்பரில் ஆண் மான் நடமாடும் வட்டமும் சின்னது. படுக்கும் இடத்துக்கும் தின்னும் இடத்துக்கும் நடுவே சில நூறு கஜம்தான் நடக்கும். நவம்பரில் இணைசேரும் காலம் வந்துவிட்டால் அது எங்கே இருக்கும் என்று அதற்கே தெரியாது. அது அதிர்ஷ்டத்தின் ஆட்டம். செப்டம்பர் மட்டும்தான் கணக்குப் போட்டு ஆடக்கூடியது. ஆனால் அந்த அறியாமையை ஒரே ஒரு தடவைதான் செலவழிக்கமுடியும்.

அதைப் பெரும்பாலோர் எங்கே செலவழிக்கிறார்கள் தெரியுமா? பரணுக்குப் போகும் வழியில் இல்லை. பரணில் உட்காரும்போதும் இல்லை. இருட்டிய பிறகு இறங்கி வரும்போது.

உங்கள் சனிக்கிழமை மாலையை நினைத்துப் பாருங்கள். வெளிச்சம் போய்விட்டது. வயலில் பெட்டை மான்களும் குட்டிகளும் ஏழெட்டு மேய்கின்றன. நீங்கள் பரணிலிருந்து இறங்குகிறீர்கள். ஏதோ ஒரு கொக்கி இரும்பில் இடிக்கிறது. ஒரு பெட்டை மான் தலையைத் தூக்கி மூக்கால் சீறி ஊதுகிறது. வெள்ளை வால்கள் எழும்பிக் கூட்டம் கலைகிறது. நீங்கள் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டு வயலின் நடுவே விவசாயி வீட்டை நோக்கி நடக்கிறீர்கள். காட்டின் ஓரத்தில், வயலுக்குள் காலடி வைக்க இருட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்த உங்கள் பக் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நிற்கிறது. அன்றைக்கு முடிந்தது உங்கள் சீசன். ஞாயிறு காலை இருட்டில் அதே வயலைக் கடந்து மறுபடி போனது, செத்த பாம்பை அடித்த மாதிரி.

அதனால் என் வழக்கம் இது: ஒரு இடத்தைப் பார்த்ததும் "இங்கே மான் வருமா" என்று கேட்பதற்கு முன்னால், "இங்கிருந்து இருட்டில் எப்படி வெளியே போவேன்" என்று கேட்பேன். பதில் இல்லையென்றால் அங்கே பரண் கட்டமாட்டேன், மரத்தடி முழுக்கக் கொட்டை கிடந்தாலும் சரி. (நம் ஊரில் பரண் கட்டுவது மேய வருவதை விரட்ட. இங்கே அது ஒளிந்துகொள்ள. பழக்கதோஷத்தில் சத்தம் போட்டுவிடக்கூடாது.)

வயலோரத்தைத் தவிர வேறு வழியே இல்லை என்றால் ஒரு தந்திரம் உண்டு. விவசாயியிடம் கேட்டு, இருட்டியதும் அவரது ட்ரக்கைப் பரண் அடிவரை ஓட்டிவரச் சொல்லுங்கள். அந்த வண்டியை மான்கள் தினமும் பார்க்கின்றன. அதற்கு ஒதுங்கி வழிவிடும், பத்து நிமிடத்தில் திரும்பி வரும். மரத்திலிருந்து மனிதன் இறங்கினான் என்ற செய்தி அவற்றுக்குப் போகாது. நீங்கள் வில்லில் பூட்டிய அம்பை எடுத்துவிட்டு, வண்டி வந்து நின்ற பிறகு இறங்கி ஏறிக்கொள்ளவேண்டும். என் இடத்துப் பெரியவர் இதற்காகவே சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவைத்துக்கொண்டு வருவார். வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அவரைத் தொந்தரவு செய்வதில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரு டப்பா முறுக்கு போய்விடும்.

அடுத்தது காற்று. "காற்று முகத்தில் அடிக்கவேண்டும்" என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, மாலையில் காற்று படுத்த பிறகு என்ன நடக்கிறது என்பதுதான்.

தென்மேற்கு விஸ்கான்சின் பனிப்பாறைகள் தேய்க்காமல் விட்ட நிலம். சுற்றிலும் வட்டாரமே தட்டையாகிவிட, இது மட்டும் செங்குத்தான குன்றும் ஆழமான பள்ளமுமாக நின்றுவிட்டது. இந்தப் பள்ளங்களை உள்ளூர்க்காரர்கள் 'கூலி' என்பார்கள். முதன்முதலில் கேட்டபோது நான் யாருக்கோ சம்பளம் பேசுகிறார்கள் என்று நினைத்தேன். இந்த மாதிரி நிலத்தில் வானிலைச் செயலி காட்டும் காற்று பாதி உண்மைதான். காலையில் வெயில் சரிவில் பட்டதும் காற்று சூடாகி மேலே ஏறும். மாலையில் நிழல் விழுந்ததும் குளிர்ந்து கனத்து, தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குள் வழியும். பகலில் அடித்த மேற்குக் காற்று அந்தியில் ஓய்ந்துவிட்டால், கடைசி அரை மணி நேரம் இந்த வழியும் காற்றுதான் ராஜா. பெரிய மான் நடமாடுவதும் அந்த அரை மணி நேரத்தில்தான்.

உங்கள் பரண் கிழக்கு ஓரத்தில், உச்சியில் இருந்தது. மான் எங்கே படுத்திருக்கும்? குன்று நாட்டில் பெரிய பக்குகள் பெரும்பாலும் காற்று மறைவான சரிவில், உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கிப் படுக்கும். முதுகுப்பக்கம் முகட்டைத் தாண்டி வரும் காற்று மேலே நடப்பதை மூக்குக்குச் சொல்லும். கீழே நடப்பதைக் கண் பார்த்துக்கொள்ளும். மேல்காற்றும் வடமேல்காற்றும் அதிகம் அடிக்கும் இந்த வட்டாரத்தில் அது கிழக்குச் சரிவு. அதாவது நீங்கள் அதன் தலைக்கு மேலேயே உட்கார்ந்து, பகலில் காற்று வழியாகவும் மாலையில் வழியும் குளிர் வழியாகவும் உங்கள் வாசனையை அதன் படுக்கையில் ஊற்றிக்கொண்டிருந்தீர்கள். அது உங்கள் முன்னால் வந்திருந்தால்தான் அதிசயம்.

இந்தக் காற்றைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சின்ன வயதில் எருக்கங்காய் வெடித்துப் பறக்கும் பஞ்சைத் துரத்தியிருப்பீர்கள். அதே குடும்பத்துச் செடி இங்கே சாலையோரமெல்லாம் முளைக்கிறது, மில்க்வீட் என்பார்கள். காயைப் பறித்து வைத்துக்கொண்டு பரணில் இருந்தபடி ஒவ்வொரு இழையாக விடுங்கள். கடையில் விற்கும் பவுடர் குப்பி முதல் மூன்றடிக் காற்றைத்தான் காட்டும். இந்தப் பஞ்சு நூறு கஜம் போய், எங்கே தயங்குகிறது, எங்கே சுழல்கிறது, எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்று முழுக் கதையும் சொல்லும். நான் முதன்முதலில் இதைச் செய்து பார்த்த அன்று, இரண்டு வருடமாக உட்கார்ந்த பரண் ஒன்றைக் கழற்றினேன்.

வாசனையைப் போக்கும் சோப்பு, கரித் துணி, ஓசோன் பெட்டி இவற்றைப் பற்றியும் கேட்பீர்கள். குளித்துவிட்டுப் போங்கள், ரப்பர் பூட்ஸ் போடுங்கள், வழியில் பெட்ரோல் போடும்போது வேட்டை உடுப்பில் இருக்காதீர்கள். அதற்கு மேல் செலவழிப்பதெல்லாம் என் பார்வையில் மனசமாதானத்துக்குத்தான். 80 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் பரணைத் தூக்கிக்கொண்டு குன்றேறினால் எந்தச் சோப்பும் தோற்கும். காற்று தப்பாக இருந்தால் போகாதீர்கள், அவ்வளவுதான்.

இதைச் சொல்வது சுலபம். மூன்றாம் வருடம் நான் மில்வாக்கியிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். போய் இறங்கினால் காற்று தென்கிழக்கு. "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே" என்று ஏறி உட்கார்ந்தேன். ஐந்தரை மணிக்கு ஒரு பெட்டை மான் கீழேயிருந்து ஊதத் தொடங்கி, பத்து நிமிடம் ஊதிக்கொண்டே போனது. அக்கம்பக்கத்து நிலத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். அந்த வருடம் அந்தப் பக்கை நான் மறுபடி பார்க்கவில்லை. இப்போதெல்லாம் காற்று தப்பென்றால் ஊர்க் கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டு, சாலையிலிருந்தபடி தொலைநோக்கியில் வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அதுவும் வேட்டைதான்.

கேமராவுக்கும் இதே நியாயம். படங்கள் பதிவாகும் அட்டையை எடுக்க வாரம் ஒருமுறை காட்டுக்குள் போகிறவர், வாரம் ஒருமுறை தன் வாசனையை விட்டுவிட்டு வருகிறார். செல்ஃபோன் வழியாகப் படம் அனுப்பும் கேமரா இருந்தால் ஜூலையிலேயே கட்டிவிட்டு மறந்துவிடுங்கள். இல்லையென்றால் வயலோரத்தில் மட்டும் வைத்து, நடுப்பகலில் வண்டியிலேயே போய் எடுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. அரிசோனா வேட்டைக்குக் கேமரா பயன்படுத்துவதையே 2022 முதல் தடை செய்துவிட்டது. விஸ்கான்சினில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் தீனி வைத்து வரவழைப்பது உங்கள் வட்டாரத்தில் கூடாது. அதன் காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

காலை வேட்டையைச் செப்டம்பரில் மறந்துவிடுங்கள். விடியற்காலை இருட்டில் மான் வயலிலும் ஓக் மரத்தடியிலும் இருக்கிறது. நீங்கள் அதன் நடுவேதான் நடந்து போகவேண்டும். வயதான பக் வெளிச்சம் வருவதற்குள் படுக்கைக்குப் போய்விடும். மாலையில் மட்டும் அது படுத்திருக்கும் இடம் உங்களுக்குத் தோராயமாகத் தெரியும், நீங்கள் முன்கூட்டியே போய் உட்காரமுடியும். அக்டோபர் கடைசியில் காலைக்குத் திரும்பலாம்.

எந்த மாலை? செப்டம்பரில் மான் கோடைச் செம்மயிரை உதிர்த்துவிட்டு அடர்ந்த குளிர்கால மயிருக்கு மாறிக்கொண்டிருக்கும். கம்பளி போர்த்திக்கொண்டு சித்திரை வெயிலில் நடக்க யாருக்குப் பிடிக்கும்? அதனால் வெக்கை நாட்களில் இருட்டும்வரை எழுந்திருக்காது. மழைமேகம் கடந்து போய், வடமேற்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் முதல் மாலைக்காகக் காத்திருங்கள். அன்றைக்கு மான் பிரமாதமாக நடமாடும் என்று வேட்டைக்காரர்கள் சத்தியம் செய்வார்கள். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். எனக்கு அந்த நாள் பிடிப்பதற்கு முதல் காரணம், காற்று ஒரே திசையில் நிதானமாக அடிக்கும், நம்பலாம். நிலவைப் பார்த்து நாள் குறிப்பவர்களோடு சண்டை வேண்டாம், ஆனால் நான் குறிப்பதில்லை. மானை எழுப்புவது அந்தி.

இப்போது உங்கள் நிலத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய வரைபடத்தில் குன்றின் தெற்கு முனை மூக்கு மாதிரி நீண்டு, மூன்று பக்கமும் சரிகிறது. அங்கே ஓக் மரங்கள் என்று குறித்திருக்கிறீர்கள். வெயில் படும் உலர்ந்த முனை. வெள்ளை ஓக் இருக்க வாய்ப்பு அதிகம். இலையின் விளிம்பு உருண்டையான மடல்களாக இருந்தால் வெள்ளை ஓக் வகை, முள் மாதிரி கூர்முனை இருந்தால் சிவப்பு வகை. ஆகஸ்டில் ஒரே ஒரு முறை, நடுப்பகலில், தொலைநோக்கியோடு போய் எந்த மரத்தில் கொட்டை இருக்கிறது என்று பாருங்கள். எல்லா மரமும் எல்லா வருடமும் காய்க்காது. அன்றைக்கே பரணையும் கட்டி, தேவையான இரண்டு கிளைகளை மட்டும் வெட்டிவிட்டு வந்துவிடுங்கள். அப்புறம் சீசன்வரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

வடமேல்காற்று அடிக்கும் மாலையில் கணக்கு இப்படி விழும். பக் கிழக்குச் சரிவின் வடபகுதியில் படுத்திருக்கிறது. எழுந்ததும் வயலுக்குள் போகாது. முகட்டுக்குச் சற்றுக் கீழே, காற்று மறைவில், தெற்கு நோக்கி நடக்கும். வயலில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை எட்டிப் பார்க்காமலேயே மூக்கால் தெரிந்துகொள்ளும். அந்த நடை முடிவது ஓக் மூக்கில். நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தால் உங்கள் வாசனை தென்கிழக்காக, முனையைத் தாண்டி, பள்ளத்தின் மேல் வெறும் ஆகாயத்துக்குப் போகும். காற்று ஓய்ந்து குளிர் வழியத் தொடங்கினாலும் அது முனையின் தெற்குச் சரிவில் இறங்கும், மான் வரும் பக்கம் திரும்பாது. பஞ்சு விட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏதாவது ஒரு ஓடை அதை வடக்கே இழுத்தால், முப்பது கஜம் தள்ளி வேறு மரம்.

போகும் வழி, விவசாயி வீட்டுப் பக்கம் வேண்டவே வேண்டாம். மேற்கே சாலையில் வண்டியை நிறுத்தி, மேற்குச் சரிவின் தென்கோடியில் ஏறுங்கள். செங்குத்து, மூச்சு வாங்கும். மூன்று மணிக்கே கிளம்பி, நின்று நின்று வேர்க்காமல் ஏறுங்கள், மேல்சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு. இருட்டியதும் அதே வழியில் சாலைக்கு இறங்கிவிடலாம். வயலில் இருக்கும் எந்த மானும் உங்களைப் பார்க்காது, மோப்பம் பிடிக்காது. இந்தப் பரணில் செப்டம்பர் முழுக்க இரண்டு மாலை, மிஞ்சிப்போனால் மூன்று. திறந்த நாளன்று காற்று தெற்கு என்றால் வீட்டில் இருங்கள். திறந்த நாள் என்பது நமக்குத்தான் விசேஷம்.

உடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மான் கண்ணில் நிறம் உணரும் செல்கள் இரண்டு வகைதான். சிவப்பும் ஆரஞ்சும் அதற்குத் தனியாகத் தெரியாது. ஆனால் நீலம் நம்மைவிட நன்றாகத் தெரியும், புற ஊதாவும் ஓரளவு எட்டும். நீல ஜீன்ஸும், வெண்மை கூட்டும் சோப்புப் பவுடரில் துவைத்த சட்டையும் அந்தி வெளிச்சத்தில் விளக்குப் போட்ட மாதிரி. எல்லாவற்றையும்விட அசைவுதான் காட்டிக்கொடுக்கும். கொசு கடிக்கும்போது கையை வீசுவது செப்டம்பரின் பெரிய வியாதி. தெர்மாசெல் என்ற கொசுவிரட்டிக் கருவி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மான் அதைப் பெரிதாகக் கண்டுகொண்டதாக என் அனுபவத்தில் இல்லை. உண்ணி கடித்தால் வரும் லைம் நோய் இந்த வட்டாரத்தில் சாதாரணம், அதனால் முதல் நாளே துணியில் பெர்மெத்ரின் பூச்சிமருந்து தெளித்துக் காயவிடுங்கள். பரணில் முழு உடம்புக்கான பாதுகாப்பு வார் கட்டாமல் ஏறாதீர்கள். தரையிலிருந்தே மேல்வரை தொடர்ந்து பிணைத்திருக்கும் கயிறு முப்பது டாலர் சமாச்சாரம்.

வந்து நின்றால், 20 கஜத்துக்குள், பக்கவாட்டில் நின்றால் மட்டும் அம்பு விடுங்கள். செப்டம்பரில் இதில் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் வெக்கை. நுரையீரலில் பட்டால் அரை மணி நேரத்தில் தேடப் போகலாம். ஈரலில் பட்டால் நான்கைந்து மணி நேரம், குடலில் பட்டால் எட்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கவேண்டும். அவசரப்பட்டால் அடிபட்ட மான் எழுந்து எங்கோ போய்விடும். ஆனால் வெக்கை இரவில் அவ்வளவு நேரம் கிடந்த இறைச்சி கெட்டுவிடும், கயோட்டி நரிகள் வேறு. இந்த இக்கட்டுக்கு நல்ல பதில் கிடையாது, அதில் மாட்டாமல் இருப்பதைத் தவிர. விழுந்ததும் உடனே குடலை எடுத்து, வயிற்றுக்குள் ஐஸ் பைகள். காரில் ஐஸ் பெட்டி இல்லாமல் செப்டம்பரில் கிளம்பவே கூடாது.

தீனி தடைக்கான காரணம் இதுதான்: மான்களைத் தாக்கும் சிடபிள்யூடி என்ற மூளை நோய் விஸ்கான்சினில் 2002-ல் கண்டுபிடிக்கப்பட்டது, தென்மேற்குப் பகுதிதான் அதன் மையம். மான்கள் ஒரே இடத்தில் கூடி வாய் வைத்தால் பரவும். தலையை மாநில இயற்கைவளத் துறையின் சேகரிப்புப் பெட்டியில் போட்டால் இலவசமாகச் சோதித்துச் சொல்வார்கள். முடிவு வரும்வரை இறைச்சியை உறைய வைத்திருங்கள். நோய் இருந்தால் சாப்பிடக்கூடாது என்பதே பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை. புதிதாக வருகிறவர்களுக்கு: 1973-க்கு முன் பிறந்தவராக இல்லாவிட்டால் வேட்டைக் கல்விச் சான்றிதழ் இல்லாமல் வழக்கமான உரிமம் கிடைக்காது. இந்தியாவில் இருந்து படிக்கிறவர்களுக்கு: 1972 வனவிலங்குச் சட்டப்படி அங்கே மான் வேட்டை குற்றம், இதில் எதுவும் அங்கே செல்லாது.

எனக்கு இது 11-வது ஆண்டு. இதுவரை மூன்று முதிர்ந்த பக்குகள் எடுத்திருக்கிறேன், அதில் செப்டம்பரில் கிடைத்தது ஒன்றே ஒன்று. அந்த வருடம் அந்தப் பரணில் அதற்கு முன் ஒரு தடவைகூட நான் உட்கார்ந்ததில்லை. ஆகஸ்டில் மரத்தைப் பார்த்துவிட்டு, எந்த மரத்தில் எவ்வளவு கொட்டை என்று எழுதுங்கள். பரண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கவேண்டும் என்பதை அதன்பிறகு பேசிக்கொள்ளலாம்.